மாதாவை மறியலில் போட்ட கதவு

எங்கள் ஊருக்கு வந்து "ஜெறோமின்ர வீடு எது?" என்று கேட்டால் ஒருவரும் உடனே காட்டமாட்டார்கள். எந்த ஜெறோம் என்று யோசிப்பார்கள். "மாதாவை மறியல்ல போட்ட பெடியன்ர வீடு" என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் வாசல் படலையில் விட்டுவிட்டுப் போவார்கள். போகிற வழியில் கதையையும் சொல்லி முடித்திருப்பார்கள்.

அந்தக் கதை உண்மைதான். நான் ஒரு கண்ணாடிக் கதவு செய்தேன். அதற்குப் பின்னால் மாதா சிறைப்பட்ட மாதிரி அகப்பட்டுக்கொண்டார். திருநாளன்று ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, மரம் அரிகிற வாளால் அரிந்துதான் அவரை வெளியே எடுத்தோம். ஆனால் ஊருக்குத் தெரிந்தது முழுக்கதை அல்ல. அதன் முதல் பகுதி இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. மற்றவன் நான். எனக்கு வாய் திறக்க வெட்கம். எழுதினால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர், முல்லைத்தீவுக் கரையில் கடலுக்கும் களப்பு நீருக்கும் நடுவே கிடக்கிற ஒரு நீட்டு மணல். அப்பா கடல்தொழிலுக்குப் போகிறவர். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவர். அம்மா கருவாடு போடுகிறவர், இரண்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் போன முதல் ஆள் நான். பிறகு வவுனியாவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மரவேலை படித்துச் சான்றிதழோடு வந்தேன். அம்மா அதைச் சட்டம் போட்டு, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், ஆண்டவரைவிட நான்கு விரல் உயரத்தில் மாட்டினா.

"கொஞ்சம் பதிச்சு மாட்டப்பா, ஆண்டவர் கோவிப்பார்" என்றார் அப்பா.

"அவர் தச்சன்ர வீட்டில வளந்தவர்தானே, அவருக்கு விளங்கும்" என்றா அம்மா.

சான்றிதழ் சுவரில் இருந்தது. அதன் பாரம் முழுக்க என் தலையில் இருந்தது. ஊரில் எதைப் பார்த்தாலும் எனக்குப் பிழையாகத் தெரிந்தது. சனம் இருக்கிற கோயில் வாங்கு நேரில்லை. கடைக்காரரின் தராசு மேசை மட்டமில்லை. அப்பாவின் வள்ளத்தில் இருக்கைப் பலகையின் சாய்வுகூடப் பிழை என்று கண்டுபிடித்து அவரிடமே சொன்னேன். (அந்தப் பிழைச் சாய்வில் குந்தியிருந்துதான் அவர் என்னைப் படிக்கவைத்தார்.) அப்பா, "அப்பிடியோ?" என்றுவிட்டு, கிழிந்த வலையைத் தொடர்ந்து பொத்தினார்.

இந்த நேரத்தில்தான் கோயில் கூட்டத்தில் மாதாவின் மாடத்தைப் பற்றிக் கதை வந்தது.

எங்கள் மாதா, பீடத்துக்கு வலப்பக்கம் சுவருக்குள்ளேயே கட்டிய ஒரு மாடத்தில் நிற்கிறார். இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே விரித்து, "வாங்கோ பிள்ளையள்" என்று சொல்கிற மாதிரியான சுரூபம். சீமேந்தும் சுண்ணாம்பும் கலந்து செய்தது. நான்கு பேர் தூக்க வேண்டிய பாரம். ஊரே ஊரை விட்டு ஓடின காலத்தில் உழவு மெசினில் ஏறி, பதுங்கு குழிகளுக்குப் பக்கத்தில் படுத்து, கடலும் முகாமும் தாண்டி, எத்தனையோ இடம் மாறி, மீண்டும் ஊருக்கு வந்த மாதா. ஒரு விரல்கூட உடையாமல் வந்தார் என்பது எங்கள் ஊரின் பெருமை.

அந்த மாடத்துக்குக் கதவு இல்லை. உப்புக்காற்று, மணல், பல்லி, வௌவால் எல்லாம் தாராளமாகப் போய்வந்தன. பங்குச் சுவாமி சொன்னார்: "முன்னுக்கு ஒரு கண்ணாடிக் கதவு போட்டால் நல்லது. ரவுணில அலுமினியம் பொருத்திற ஆக்களைக் கேட்டுப் பாப்பம்."

நான் எழும்பினேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. என் கால்கள் தாமாகவே எழும்பின.

"சுவாமி, அலுமினியம் கோயிலுக்குச் சரிவராது. மரத்தில நான் செய்து தாறன். ரெட்டைக் கதவு, கண்ணாடி போட்டு. நான் படிச்சதே அதுதான்."

பின்னுக்கு இருந்து என் சித்தப்பா லூக்காஸ், "அப்ப மாதாவுக்கும் சோக்கேஸ்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படித்தவர்கள் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று நினைத்திருந்த காலம் அது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சுரூபத்தை நினைத்த நேரத்தில் தூக்க முடியாது. வருடத்தில் ஒருமுறை, திருநாள் பூசை முடிந்த பிறகு, முறைக்காரர் நான்கு பேர் தூக்கி ஊர்வலக் கூட்டில் வைப்பார்கள். பிறகு கூடு ஊரைச் சுற்றும். கொடியேறின நாளிலிருந்து மச்ச மாமிசமும் குடியும் விட்டிருக்கிற அந்த நான்கு பேரைத் தவிர வேறு யாரும் மாதாவை அசைக்கவே கூடாது. முறை குடும்பம் குடும்பமாகச் சுற்றி வரும். அந்த வருடம் எங்கள் முறை. அப்பா தூக்க வேண்டும். இதற்கு முன்னர் அப்பாவுக்கு முறை வந்த வருடம் ஊரில் ஊரே இல்லை. அதனால் இந்த முறையை அவர் எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை. திருநாளுக்கு இரண்டு மாதம் முன்னரே வெள்ளை வேட்டி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

ஆகவே நான் மாதாவை மாடத்துக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது. அளவு ரேப்போடு போய் மாடத்தின் உயரம், அகலம், ஆழம் எல்லாம் எடுத்தேன். சுரூபத்தையும் அளந்தேன். எப்படி? மரியாதையாக, குனிந்து, அதன் அடிப்பீடத்தை மட்டும். பன்னிரண்டு அங்குலம். குறித்துக்கொண்டேன்.

பிறகு வரைந்தேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், கிடைப்படம். முப்பத்திரண்டு அங்குல மாடத்துக்கு ஒரு வெளிச்சட்டம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நடுச்சட்டம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு கண்ணாடிக் கதவுகள். நடுச்சட்டம் ஏன்? கதவுகள் மூடும்போது அதிலே வந்து முட்டி நிற்கும். தூசி போகாது. கொளுக்கி போட வசதி. கல்லூரியில் நாங்கள் செய்த கண்ணாடி அலுமாரிக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கதவின் வழியும் பதின்மூன்று அங்குலம். சுரூபம் பன்னிரண்டு. ஒரு அங்குலம் மிச்சம்! நான் அந்த இடத்தில் ஒரு சரி அடையாளம் போட்டு, அதற்குக் கீழே கோடும் இழுத்தேன்.

வரைபடத்தில் மாதா இல்லை. மாதாவை வரைய எங்களுக்குக் கல்லூரியில் படிப்பிக்கவில்லை.

அன்று பின்னேரம் முற்றத்தில் அம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. பாராட்டு வாங்க வேண்டும் என்ற ஆசையில் நான் வரைபடத்தைக் கொண்டுபோய் அவவின் முகத்துக்கு முன்னால் பிடித்தேன். அம்மா கையைச் சீலையில் துடைத்துவிட்டு, கடதாசியைத் தொடாமல், தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தா.

"வடிவாக் கிடக்கு தம்பி. இது என்ன நடுவில, தடி மாதிரி?"

"அது நடுச்சட்டம் அம்மா. கதவு ரெண்டும் அதில வந்து மூடும்."

"இது கழட்டுற தடியோ?"

"இல்லை. அது இறுக்கி விடுறது."

அம்மா அந்தத் தடியை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தா. பிறகு கேட்டா: "அப்ப மாதா எப்பிடி வெளியில வருவா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்பவும் என் காதில் கேட்கிறது. வேறு யாராவது அப்படிச் சிரித்தால் எழும்பிப் போய்விடுவேன்.

"அம்மா, அளவெல்லாம் எடுத்துத்தான் கீறினனான். இதுகள் உங்களுக்கு விளங்காது. ரெண்டாம் வகுப்போட விட்ட ஆக்கள் பாக்கிற படமே இது?"

அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கரைச்சல் இல்லை. "ஓம் தம்பி, நீ படிச்சனீ" என்றுவிட்டுக் குனிந்து மற்றப் பாயில் கிடந்த கருவாட்டைப் புரட்டப் போனா.

இதுதான் ஊருக்குத் தெரியாத பகுதி.

இனி ஊருக்குத் தெரிந்த பகுதி.

மரம், கோயிலின் பழைய முதிரை வாங்குகளிலிருந்து கிடைத்தது. முதிரையை வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது மரம் இல்லை, மரமாக நடிக்கிற இரும்பு. சீவுளி போடும்போது மரம் சீவுப்பட்டதா, நான் சீவுப்பட்டேனா என்று தெரியாது. இரண்டு கிழமை இழைத்து, மூலைகளைப் பொருத்தி, சட்டங்களின் உட்புறம் கண்ணாடி உட்காருவதற்குக் காடிப் பள்ளம் எடுத்தேன்.

கண்ணாடி வெட்ட முல்லைத்தீவு ரவுண் கடைத்தெருவுக்குப் போனேன். கண்ணாடிக் கடைக்காரர் நான் அளவு எழுதின துண்டைப் பார்த்தார்.

"தம்பி, இது காடியின்ர அளவோ, கண்ணாடியின்ர அளவோ?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"சுத்திவரக் கொஞ்சம் குறைச்சு வெட்டோணும். மரம் ஊதும், சுருங்கும். கண்ணாடி அசைய இடம் வேணும்."

"இல்லை அண்ணை. மில்லிமீற்றர் கணக்கில எடுத்த அளவு. அப்பிடியே வெட்டுங்கோ."

அவர் அப்படியே வெட்டினார். நான் அப்படியே படுக்கைவிரிப்பில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். வீட்டில் அது அப்படியே காடிக்குள் போக மறுத்தது. ஒரு மூலை இருந்தால் எதிர்மூலை எழும்பும். அதை அமத்தினால் இது எழும்பும். மறுநாள் காலை அதே கண்ணாடியை அதே விரிப்பில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் போனேன். "நேற்று வந்தவர் இண்டைக்கும் வாறாரோ? வேற ஊர் காட்டுறீரோ கண்ணாடிக்கு?" என்றார் கொண்டக்டர். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சுற்றிவர ஒரு நூல் குறைத்துத் தந்தார். புத்தியுள்ள ஒருவன் அந்த இடத்தில் நின்று, வேறு எதையெல்லாம் நான் கேட்காமல் விட்டேன் என்று யோசித்திருப்பான். நான் அவருடைய ரேப் பிழை என்று முடிவுசெய்தேன்.

ஆனாலும் சொல்ல வேண்டும், கதவு வடிவாகத்தான் வந்தது. கண்ணாடியை இருத்தி, உட்பக்கம் மெல்லிய மரத்துண்டுகளை அடித்து, மூன்று பூச்சு வார்னிஸ் போட்டேன். வெளிச்சட்டத்தைச் சுவரில் துளை போட்டு திருகாணியால் முறுக்கி, விளிம்பைச் சீமேந்தால் பூசினேன். நடுச்சட்டத்தை மேலும் கீழும் துளைக்குள் இறக்கிப் பசை போட்டேன். பித்தளைப் பிணைச்சலில் கதவுகளைத் தொங்கவிட்டேன். ஒரு விரலால் தட்டினால் மூடும். இவ்வளவும் மாதாவுக்கு முன்னால் நின்று, மாதா பார்த்துக்கொண்டிருக்கவே செய்தேன். அவரும் கையை விரித்துக்கொண்டுதான் நின்றார். அது "வாங்கோ பிள்ளையள்" இல்லை, "என்னடா செய்யிறாய்?" என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

சனம் வந்து பார்த்தது. முந்தி மாதாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் இப்போது கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சிலர் முத்தமிட்டுக் கொஞ்சினார்கள். அவர்கள் அங்கால் போனதும் நான் துணியால் கைரேகையையும் எச்சிலையும் துடைத்தேன். அம்மாவும் வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தினா. நடுச்சட்டத்தைப் பார்த்தா. மாதாவின் கைகளைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு கண்ணாடியைக் கொஞ்சிவிட்டுப் போனா. அதையும் துடைத்தேன்.

திருநாள் வந்தது.

பூசை முடிந்தது. வெளியே வாத்தியக் குழு வரிசையில் நின்றது. கூடு பூவும் கடதாசியும் சோடித்து நடுவே தயாராக இருந்தது. அப்பாவும் மற்ற மூன்று பேரும் வெள்ளை வேட்டி சட்டையில் மாடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து எழும்பினார்கள். அப்பாவை நான் அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் பார்த்ததில்லை. காதுக்குப் பின்னால்கூட மினுங்கியது. பாடகர் குழு பாட்டைத் தொடங்கியது. நான் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவை அல்ல, கதவை.

அப்பா இரண்டு கதவுகளையும் திறந்தார். சிலுவை போட்டார். இரண்டு பேர் இடப்பக்க வழியால், இரண்டு பேர் வலப்பக்க வழியால் கையை விட்டுத் தூக்கி, மாதாவை முன்னுக்கு எடுத்தார்கள்.

'டொக்.'

மாதாவின் உடை மடிப்பு நடுச்சட்டத்தில் முட்டியது. "இடப்பக்கம் எடுப்பம்" என்றார் அப்பா. அடிப்பீடம் நான் சொன்னபடி ஒரு அங்குலம் மிச்சத்தோடு அழகாக வழிக்குள் வந்தது. கைகள் வரவில்லை. ஒரு கை சுவரில், ஒரு கை நடுச்சட்டத்துக்குப் பின்னால். வலப்பக்கம் எடுத்தார்கள். அதே கதை. விரித்த கைகள் இருபத்தொரு அங்குலம் என்பதைப் பிறகு அளந்து பார்த்தேன். (பிறகு அளப்பதில் நான் மிகத் திறமைசாலி.)

"பக்கப்பாடாத் திருப்புங்கோ" என்றார் ஒருவர். மாடத்தின் ஆழம் போதாது. கை பின்சுவரில் இடித்தது. "சரிச்சுப் படுக்கப்போட்டு எடுங்கோ" என்றார் இன்னொருவர். தலை மேல்வளைவில் முட்டியது. பாட்டு முடிந்தது. பாடகர் குழு வேறு வழியில்லாமல் முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கியது.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. அதில் நடுவே ஒரு குரல் கேட்கும்: "அப்பா, மெதுவா, வார்னிஸ்!" அது நான்தான். எத்தனையோ வருடம் காத்திருந்த மனிதன் மாதாவைக் கையில் ஏந்திக்கொண்டு வழியில்லாமல் நிற்கிறார். மகனுக்குக் கவலை வார்னிஸில். அதற்குப் பிறகு வீடியோவில் கோயில் நிலமும் என் கால் பெருவிரலும்தான் தெரியும்.

சுவாமி பக்கத்தில் வந்தார். தங்கமான மனிதர். மெதுவாகக் கேட்டார்: "ஜெறோம், இதை எப்பிடித் திறக்கிறது?"

"சுவாமி..." என்றேன். "இது திறந்துதான் இருக்கு."

கோயிலில் ஒரு ஊசி விழவில்லை. விழுந்திருந்தால் அதுவும் என்னைத்தான் குத்தியிருக்கும். லூக்காஸ் சித்தப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்தது: "ஷெல்லுக்குள்ளால வந்தவா. கடலுக்குள்ளால வந்தவா. முகாமுக்குள்ளால வந்தவா. என்ர அண்ணன்ர மோன்ர கதவுக்குள்ளால மட்டும் வரேலாமக் கிடக்கு. பெடியன் மாதாவை மறியல்ல போட்டுட்டான்!"

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு பெண்கள் பக்கம். பிறகு பூசைக்கு உதவுகிற பீடப் பரிசாரகர்கள். சுவாமி திரும்பி நின்று லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. மாதாவை மெல்ல உள்ளே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையைப் பார்த்தார். மற்றது அம்மா. பெண்கள் வரிசையில் முக்காட்டோடு நேரே பார்த்துக்கொண்டு நின்றா. அந்த நிமிடம் அவ ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். "நான் அப்பவே கேட்டனான்" என்று. நான் அதற்காகக் காத்திருந்தேன். கழுத்தை நீட்டிக்கொண்டு என்றே சொல்லலாம்.

அம்மா சொல்லவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். "வாளை எடுத்துக்கொண்டு வா" என்றார்.

நான் ஓடினேன். வாசலால் பாய்ந்து வெளியே வந்த என்னைப் பார்த்ததும், மாதா வருகிறார் என்று நினைத்து வாத்தியக் குழு முழங்கத் தொடங்கிவிட்டது. மேளமும் ஊதுகுழலும் பின்னால் வர, சுடுமணலில் வெறுங்காலோடு, புதுச் சட்டையில், நான் வீட்டுக்கு ஓடினேன். வாளை எடுத்துக்கொண்டு அதே வாத்தியத்தோடு திரும்பி ஓடிவந்தேன். கூடு சுற்றுவதற்கு வைத்திருந்த வெடியில் இரண்டையும் யாரோ கொளுத்திவிட்டார்கள். திருநாள் ஊர்வலம் ஒன்று எனக்காகவே நடந்தது. ஒரே வித்தியாசம், மாதா போகிற ஊர்வலத்தில் சனம் கும்பிடும்; இதில் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கதவுகளைக் கழற்றிச் சுவரோடு சாத்தினேன். அடுத்தது நடுச்சட்டம். மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. மேல்வெட்டில் கரைச்சல் இருக்காது. கீழே வெட்ட வேண்டிய இடத்துக்குப் பின்னால், இரண்டு விரல் இடைவெளியில், மாதாவின் தாழ விரித்த இடக்கை. வாள் ஒருமுறை வழுக்கினால் போதும். எங்கெல்லாமோ போய் உடையாமல் வந்த விரல், என் வாளில் போய்விடும். வாளை மரத்தில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றேன். அது எல்லாருக்கும் தெரிந்தது.

பெண்கள் பக்கமிருந்து அம்மா வந்தா. முக்காட்டுத் துணியை எடுத்து நான்காக மடித்து, மாடத்துக்குள் கையை விட்டு, மாதாவின் கைக்கும் சட்டத்துக்கும் நடுவே துணியை வைத்தா. துணிக்குப் பின்னால், மாதாவின் விரல்களை மூடி, தன் கையை வைத்தா. முறைக்காரர் அல்லாதவர் தொடக் கூடாது என்று கோயில் மூப்பர் வாயைத் திறக்கப் போனார். சுவாமி கையைக் காட்டினார். மூப்பர் மூடினார்.

"அம்மா, கையை எடுங்கோ. வாள் பட்டிடும்."

"படாது. நீ வெட்டு தம்பி."

"வழுக்கினா?"

"உனக்குத்தானே வேலை தெரியும். வெட்டு."

அதிலே ஒரு துளி குத்தல் இருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். இல்லை. அவ உண்மையாகத்தான் சொன்னா. அதுதான் என்னை அரிந்தது.

யாரோ செபமாலை தொடங்கினார்கள். மேல்வெட்டு, செபமாலையில் ஒரு பத்து மணி உருண்டு போக முடிந்தது. கீழ்வெட்டு இரண்டு பத்து மணி போனது. முதிரை எனக்கு இரக்கம் காட்டவில்லை. தன்னை இவ்வளவு வடிவாக இழைத்தவன் என்றுகூடப் பார்க்கவில்லை. மரத்தூள் மாதாவின் காலிலும் அம்மாவின் தலைமயிரிலும் கொட்டியது. கடைசி நாலைந்து இழுவையில் வாள்பல் துணியை உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா கையை எடுக்கவில்லை. தடி கழன்று என் கையில் விழுந்தபோது, துணியின் மூன்று மடிப்பு அறுந்திருந்தது. நான்காவது மடிப்பு இருந்தது.

அப்பா மாதாவைத் தூக்கினார். மரத்தூள் பட்ட வெள்ளைச் சட்டையோடு அவர் சுமக்க, ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, மாதா ஊரைச் சுற்றினார். அப்பா நடந்த நடையைப் பார்த்தவர்கள், அவர் அந்தத் தாமதத்தைக் கவனிக்கவே இல்லை என்று சொல்வார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் என்னோடு பேசினார்.

"நல்ல இறுக்கமாத்தான் செய்திருக்கிறாய்."

அவ்வளவுதான். நான் சோற்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை கதவுகளைத் திரும்பவும் போட்டேன். நடுச்சட்டம் இல்லாமல், ஒரு கதவின் விளிம்பு மற்றதில் ஏறி மூடுகிற மாதிரி. தொடக்கத்திலேயே அப்படிச் செய்திருக்கலாம். கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மேலும் கீழும் விரல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த வெட்டுக்கட்டைகளைச் சீவிவிடப் போனபோது ஊர் விடவில்லை. "கிடக்கட்டும், வாற பிள்ளையளுக்குக் காட்டோணும்" என்றார்கள். இப்போதும் கிடக்கின்றன. வெட்டி எடுத்த தடியை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தா. இந்தக் கரையிலேயே மூன்று பூச்சு வார்னிஸ் போட்ட, கருவாட்டில் காகம் கலைக்கிற தடி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதைச் செய்தாலும் ஒரு கேள்வி உண்டு: "மாதா வருவாவோ?" தங்கச்சி இறுக்கமான சட்டை வாங்கினால், "மாதா வருவாவோ?" அப்பா பஸ்ஸின் கடைசி வாங்கில் ஆறாவது ஆளாக இருக்கப் பார்த்தால், "மாதா வருவாவோ?" எனக்குக் கலியாணம் பேசப் போன இடத்தில், பெண் வீட்டின் ஒடுங்கின படலையைப் பார்த்து லூக்காஸ் சித்தப்பா எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக இதைக் கேட்டு, பிறகு முழுக்கதையையும் சொல்லி, வீடியோவையும் போட்டுக் காட்டினார். (பெண் சிரித்தா. அதனால் கலியாணம் நடந்தது.)

அந்தக் கேள்வியைச் சித்தப்பாதான் கண்டுபிடித்தார் என்று ஊர் நினைக்கிறது. சித்தப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். அதை முதலில் கேட்டது அம்மா என்றும், கேட்டதற்கு என்ன பதில் கிடைத்தது என்றும் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவும் அந்தக் கதையை நூறு தரம் சொல்லியிருப்பா, செய்துகாட்டியும் இருப்பா. எப்போதும் திருநாள் காலையிலிருந்துதான் தொடங்குவா. கருவாட்டுப் பாயிலிருந்து ஒருநாளும் தொடங்கியதில்லை. அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க நான் இரண்டு தரம் வாயெடுத்தேன். ஒருதரம் அவ, "உதில நிக்காத, காகம் வருது" என்றா. மறுதரம், "சாப்பிட்டனியோ?" என்றா.

நான் இப்போது கிளிநொச்சியில் வீட்டுப் படங்கள் கீறுகிற ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சமையலுக்கு ஒரு புதுக் குசினி கட்டப் படம் கீறி ஊருக்குக் கொண்டுபோனேன். மேசையில் விரித்ததும் தங்கச்சி, "மாதா வருவாவோ?" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே குசினிக்குள் போகத் திரும்பினா.

"அம்மா, நில்லுங்கோ" என்றேன். "நீங்கள் பாருங்கோ."

"எனக்கென்ன விளங்கும், படிச்ச ஆக்கள் நீங்கள் பாருங்கோவன்."

"அம்மா."

என் குரலில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. சிரிப்பு நின்றது. அம்மா வந்து கதிரையில் இருந்தா. கையைச் சீலையில் துடைத்துவிட்டு, இந்த முறை கடதாசியைத் தொட்டா. சுட்டுவிரலைப் படலையில் வைத்து, முற்றத்தால் நடத்திக்கொண்டு போய், கிணற்றைச் சுற்றி, பின்வாசலால் குசினிக்குள் விட்டா. வாசலில் விரல் நின்றது.

"இது ஒடுக்கம் தம்பி. கருவாட்டுக் கடகத்தோட ஆள் போகேலாது."

"எவ்வளவு வேணும், அம்மா?"

அளவெல்லாம் எடுத்துத்தான் கீறினனான் என்று நான் சொல்லவில்லை. அம்மா எழும்பி நின்றா. இடுப்பில் ஓலைக் கடகம் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கீழே விரித்துக் காட்டினா. "இவ்வளவு."

நான் ரேப்பை எடுத்தேன். "அசையாதையுங்கோ" என்றுவிட்டு, அவவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, ஒரு கைவிரல் நுனியிலிருந்து மற்றக் கைவிரல் நுனி வரைக்கும் அளந்தேன். மூன்று அடி நான்கு அங்குலம்.

அவசரப்படாமல் அளந்தேன். இரண்டு தரம்.